மட்டி திரும்பியதா என்று யார் பார்ப்பது?

ஆறு, கழிமுகச் சீரமைப்புப் பணிகளில் உள்ளூர்த் தன்னார்வலர் கண்காணிப்பு பற்றி, லோஹேகாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் ஆற்றுக் குழு வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கை

லோஹேகாவ் என்றதும் புனேக்காரர்களுக்கு நினைவு வருவது விமான நிலையமும் விமானப்படைத் தளமும்தான். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் சஹ்யாத்ரி மலையே நிற்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு மட்டியையும் சிப்பியையும் பற்றி அறிக்கை விடுகிறீர்களா என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டுவிட்டார்கள். ஊருக்கு வடக்கே வட்காவ் சிந்தே பக்கம் இந்திராயணி ஓடுகிறது. தெற்கே கராடியை ஒட்டி முளா-முட்டா. பக்திக் கவிஞர் துக்காராமின் தாய்வழி ஊர் லோஹேகாவ் என்பார்கள். அவர் பாடல்களை முழுகவிடாமல் திருப்பித் தந்ததாகச் சொல்லப்படும் ஆறு அந்த இந்திராயணி. இன்றைக்கு ஆளந்தியில் வாரி யாத்திரைக்கு முன்பு அதில் வெள்ளை நுரை மிதக்கும் படம் செய்தித்தாளில் வராத ஆண்டு அரிது.

அந்த ஆற்றின் அடிச் சேற்றில் கையை விட்டால் ஆற்றுமட்டி ஓடு தட்டுப்படும். மராத்தியில் ஷிம்ப்லா. உள்ளங்கை அகலம், வெளியே கறுப்புப் பச்சை, உள்ளே முத்துப் பளபளப்பு. உயிருள்ள மட்டியைத் தூக்கினால் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும், கனமாக இருக்கும். செத்தது இரண்டு இதழாக விரிந்து லேசாகக் கிடக்கும். எங்களுக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை விரிந்தவைதான்.

மட்டியை ஏன் பிடித்துக்கொண்டோம் என்று சொல்லிவிடுகிறோம். அது நீரை உறிஞ்சி வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. அழுக்கு வந்தால் மீனைப்போல நீந்தித் தப்பிக்க அதற்கு வழியில்லை. அதன் குஞ்சுகள் முதல் சில நாட்கள் ஏதாவது ஒரு மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு வளர்ந்தாக வேண்டும். ஆகவே மீன் இல்லாத ஆற்றில் மட்டிக்குச் சந்ததி இல்லை. ஆற்றின் அடித்தரை நிலையாக இருக்க வேண்டும். ஜேசிபி ஒரு முறை வாரினால் பல ஆண்டு வளர்ச்சி லாரியில் போய்விடும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை இளம் மட்டி இருக்கிறது என்று எண்ணினாலே தண்ணீர், மீன், அடித்தரை மூன்றின் கதையும் தெரிந்துவிடும். ஆய்வகம் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்தால் அந்த நாளின் நிலவரம் தெரியும். மட்டி சொல்வது பல ஆண்டுக் கணக்கு.

இனி எங்கள் நிலைப்பாடு. பொதுப்பணத்தில் நடக்கும் எந்த ஆற்று, துறைமுக, கழிமுகச் சீரமைப்புக்கும் உள்ளூர்த் தன்னார்வலர் கண்காணிப்பு சட்டப்படியான பகுதியாக இருக்க வேண்டும். அழைத்தால் வரும் விருந்தாளியாகவோ, ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்கும் டி-ஷர்ட் கூட்டமாகவோ அல்ல. வேலை நடக்கும் இடத்துக்குள் போகவும், ஒப்பந்த ஆவணத்தைப் பார்க்கவும், எழுதிக் கேட்டால் எழுத்தில் பதில் பெறவும் உரிமையுள்ள குழுவாக.

இது பேராசை இல்லை. புனேயில் முளா, முட்டா, முளா-முட்டா ஆறுகளின் 44 கிலோமீட்டர் கரையை மாற்றியமைக்கும் திட்டத்துக்கு 2022 மார்ச் 6 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த வாரமே, மார்ச் 14-ல், மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நிர்வாகியின் ஆட்சி. ஆற்றோரம் நூற்றுக்கணக்கான கோடி செலவாகிக்கொண்டிருந்த காலம் முழுக்க, போய்க் கேட்க வார்டில் ஒரு கார்ப்பரேட்டர்கூட இல்லை. கேட்டவர்கள் குடிமக்கள்தான்: மரம் வெட்டுவதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள், பசுமைத் தீர்ப்பாயப் படியேறியவர்கள். வழக்கு என்பது கண்காணிப்பின் கடைசிப் படி. நம் ஊரில் அதுவே முதல் படியாகிவிட்டது. தாமதமாக வரும் கண்காணிப்பின் விலையை இந்திராயணிக் கரையிலேயே பார்த்தோம். 2025 மே மாதம் சிக்லியில், வெள்ள நீலக்கோட்டுக்குள் கட்டிய 36 பங்களாக்கள் தீர்ப்பாய உத்தரவின்படி இடிக்கப்பட்டன. அஸ்திவாரம் தோண்டிய அன்றே நாலு பேர் கோட்டைக் காட்டிக் கேட்டிருந்தால், அவற்றை வாங்கிய குடும்பங்கள் இடிபாட்டின் முன்னால் நின்றிருக்க வேண்டாம்.

எங்களில் சிலருக்கு வடசென்னை பூர்வீகம். அவர்களுக்கு இந்தப் பாடம் எண்ணூரில் கிடைத்தது. அங்கே கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் 1996-ல் அங்கீகரிக்கப்பட்ட கடற்கரை வரைபடத்தில் இருக்கிறது. பிறகு அரசுத் தரப்பிலிருந்து வந்த வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணோம். 2017-ல் அதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர்கள் மீனவர்களும் தன்னார்வலர்களும். அனல்மின் சாம்பல் அடித்தரையில் படிந்ததை வலையில் கண்டவர்களும், காக்கா ஆழி என்ற வெளிநாட்டு மட்டி வந்து மஞ்ச மட்டியையும் இறாலையும் மூச்சுமுட்ட வைத்ததைச் சொன்னவர்களும் அந்த மீனவர்கள்தான்.

அதே எண்ணூரில் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது என்ன ஆயிற்று? மீனவர்கள் படகில் போய் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டார்கள். ஆபத்து நேரத்தில் உள்ளூர்க்காரரின் கை வேண்டும். முடிவெடுக்கும் மேஜையில் அவருக்கு நாற்காலி கிடையாது. தன்னார்வம் என்ற பெயரில் இலவசக் கூலி வாங்குவதை நாங்கள் எதிர்க்கிறோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை அவர்களுடையதே. நாங்கள் அதைச் செய்துகொடுக்க வரவில்லை, நடக்கிறதா என்று பார்க்க வருகிறோம்.

கண்காணிப்பில் உள்ளூர் கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொல்லத்தின் அஷ்டமுடிக் காயல் சாட்சி. எண்பதுகளில் ஏற்றுமதி தொடங்கியதும் வாரி எடுத்தார்கள்; தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மட்டி வரத்து சரிந்தது. பிறகு இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கத் தடை, வலைக்கண் அளவு, சின்ன மட்டிக்கு விலக்கு என்று விதிகள் வந்தன. மட்டித் தொழிலாளர்களும் அரசுத் துறைகளும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து உட்காரும் நிர்வாகக் குழுவும் அமைந்தது. 2014-ல் இந்தியாவிலேயே முதல் முறையாக எம்.எஸ்.சி. நிலைத்த மீன்வளச் சான்றிதழ் அந்தக் காயலுக்குக் கிடைத்தது. இதை வெற்றிக்கதையாக மட்டும் சொன்னால் பொய்யாகும். பின்னாளில் அங்கே மட்டி மறுபடியும் குறைந்து, 2024-ல் ஆராய்ச்சி நிலையம் 30 லட்சம் குஞ்சு மட்டிகளைக் காயலில் விட வேண்டி வந்தது. குழு இருந்தால் ஆறு பிழைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் குறைந்தபோது, குறைகிறது என்று சொல்ல ஆள் இருந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மட்டித் தரையின் நிர்வாகம் ஊராட்சியிடமே இருக்கிறது. அளவு வளையத்தோடு கரையில் நடக்கும் மட்டிக் காவலர் ஊரின் ஊழியர். இங்கே அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். பல்லுயிர்ச் சட்டம், 2002-ன் 41-ஆம் பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது அதன் வேலை. தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்து, தவறினால் மாதம் 10 லட்சம் ரூபாய் என்றதும், நாடெங்கும் பதிவேடுகள் அவசர அவசரமாக எழுதி முடிக்கப்பட்டன. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ரெக்கார்டு நோட்டு எழுதியவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

இந்தப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் கீழ் ஆற்றின் ஒவ்வொரு நீட்சிக்கும் ஒரு துணைக்குழு வேண்டும் என்று கேட்கிறோம். 2017-ல் மாநகராட்சியில் சேர்ந்த லோஹேகாவுக்கு இந்திராயணி நீட்சியில் இடம் வேண்டும். இடங்களில் பாதி ஆற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்கு: போயி மீனவர்கள், கரை விவசாயிகள். மூன்றாவது மாடியிலிருந்து ஆற்றைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் மீதிப் பாதிக்குள் அடங்க வேண்டும். எங்களுக்கு நேரமும் ஆங்கிலமும் இருக்கிறது, அந்த இரண்டுமே குழுவைக் கைப்பற்றப் போதுமானவை. துணைக்குழு எழுப்பும் கேள்விக்கு 15 நாளில் எழுத்துப் பதில் வேண்டும். அதுவரை அந்த இடத்தில் இயந்திரம் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. ஒப்பந்ததாரரின் பில்லோடு அந்த நீட்சியின் உயிரின எண்ணிக்கைத் தாளும் சேர்ந்தே போக வேண்டும். எத்தனை மீட்டர் கல் பதித்தார் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை மட்டி மிஞ்சியது என்ற கணக்கும் அதே கோப்பில் இருக்கட்டும்.

தன்னார்வலர்கள் நிபுணர்கள் இல்லையே என்பார்கள். சரிதான், எங்களுக்கே அது நன்றாகத் தெரியும். கோடையில் நீர் வற்றிய மடுவில் தவித்த மட்டிகளைக் காப்பாற்றுவதாக நினைத்து வாளியில் அள்ளி, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஆழமான இடத்தில் போட்டோம். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்குமேல் வாய் பிளந்து கிடந்தன. அங்கே அடித்தரை வெறும் கழிவுச் சேறு. ஆகவே எங்கள் கையையும் கட்டச் சொல்கிறோம். உரிய ஆராய்ச்சி நிலையத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் எடுக்கவோ விடவோ கூடாது. ஒப்பந்தத்தில் பங்குள்ளவரோ அவர் உறவினரோ குழுவில் இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு மேல் யாரும் பதவியில் தொடரக் கூடாது. எண்ணிக்கை குறைந்தாலும் கூடினாலும், எழுதிய தாள் கிராம சாவடியில் ஒட்டப்பட வேண்டும். இந்த ஆற்றின் மட்டியை யாரும் சமையலுக்கு எடுக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம். நீரில் இருக்கும் நஞ்சு அதன் சதையில் சேர்ந்திருக்கும்.

இந்த அறிக்கையின் மராத்தி வடிவம் மாநகராட்சிக்குப் போகிறது. தமிழில் எழுதியது நம்மவர்களுக்காக. நாம வெளியூர்க்காரங்க, நமக்கேன் வம்பு என்று ஒதுங்குகிறவர்கள் நம்மில் அதிகம். இருபது வருடம் இந்தத் தண்ணீரைக் குடித்த பிறகு வெளியூர் எது?

மழை வடிந்து ஆறு தெளிந்ததும், தீபாவளிக்குப் பிந்தைய முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மட்டிகளை எண்ணுகிறோம். பிவிசி குழாயில் செய்த ஒரு மீட்டர் சட்டம் நாலு இருக்கிறது. முழங்கால் ஆழம்தான். ரப்பர் கையுறை கொண்டுவரவும். காலில் புண் இருப்பவர்கள் கரையில் நின்று எழுதலாம்.