கருவியின் பெயரும் எஃகின் தரமும்

சங்கத்து அங்கத்தினர்களில் கைத்தொழிலால் குடும்பம் நடத்துபவர்கள் பலர். தச்சு வேலை, கொல்லு வேலை, படகு பழுது பார்த்தல், மோட்டார் ரிப்பேர் என்று தொழில் எதுவானாலும் பட்டறைகளில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. “தகப்பனார் காலத்து உளி இன்னும் உழைக்கிறது. போன வருஷம் வாங்கியது மூன்று மாதம் தாங்கவில்லை. இரண்டிலும் ஒரே பெயர்தான் பொறித்திருக்கிறது.” அந்தக் காலமே உசத்தி என்னும் வழக்கமான பெருமூச்சாக இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. இதில் உண்மை இருக்கிறது. கண்ணையும் கையையும் பற்றிய ஓர் ஆபத்தும் இருக்கிறது.

டாலாவுக்கும் கைக்கருவிகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1865இல் தொடங்கிய ஐராவதி புளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை இங்கேதான் இருந்தது. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் நகரத்து டென்னி கம்பெனியார் கட்டிய நதிக் கப்பல்கள் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, கடல் கடந்து ரங்கூன் வந்து, மறுபடி பூட்டப்பட்டன. ரிவெட் அடிப்பவர், பிட்டர், கொல்லர், தச்சர் என்று இந்தியத் தொழிலாளர் பலர் அந்த வேலையில் இருந்தனர். 1942இல் ஜப்பானியர் கைக்குப் போகாதிருக்கும்பொருட்டு நூற்றுக்கணக்கான கப்பல்களைக் கம்பெனியாரே மூழ்கடித்தனர். 1948இல் கம்பெனி பர்மிய அரசாங்கத்தின் உடைமையாயிற்று.

அக்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் நல்ல எஃகுக் கருவி என்றாலே இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் விளம்பரத்தால் வந்ததன்று. ஒரு வெட்டுக்கருவிக்கு எஃகில் கரி சுமார் 1 சதவீதம் சேர்ந்திருக்க வேண்டும். அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தால் கடினமாகும்; ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே மிதமான சூட்டில் மறுபடி பதப்படுத்த வேண்டும். வைக்கோல் நிறம் வரும்போது நிறுத்தினால் ஒரு குணம், நீல நிறம் வரும்போது நிறுத்தினால் வேறொரு குணம். இதில் சிறிது கவனம் தவறினாலும் கருவி மழுங்கும் அல்லது உடையும். ஷெஃபீல்டில் உலை வைத்திருந்தவரே பெயரையும் பொறித்தார். கருவி கெட்டால் கெடுவது அவருடைய சொந்தப் பெயர். பெயரும் உலையும் ஒரே இடத்தில் இருந்தன.

பிற்காலத்தில் இரண்டும் பிரிந்தன. ‘ரெக்கார்டு’ என்ற பெயரைப் பட்டறைக்காரர் எல்லாரும் அறிவர். 1898இல் ஷெஃபீல்டில் தொடங்கிய சி. அண்டு ஜே. ஹாம்ப்டன் கம்பெனியின் முத்திரை அது. அவர்களுடைய நீலநிற வைஸ் உலகெங்கும் போயிற்று. 1972இல் அக்கம்பெனி ரிட்ஜ்வே என்னும் கம்பெனியோடு இணைந்தது. 1998இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனியை 2002இல் நியூவெல் என்னும் பெருங் கம்பெனி வாங்கியது. நியூவெல்லின் கருவித் தொழிலை 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் வாங்கியது. 1828இல் தோன்றிய மார்ப்பிள்ஸ் உளிகளின் பெயரும் இதே வழியில் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹென்றி டிஸ்டன் 1840இல் பிலடெல்பியாவில் ரம்பம் செய்யத் தொடங்கினார். 1855இல் எஃகையும் தாமே உருக்கினார். 1955இல் குடும்பத்தார் அதை வேறொரு கம்பெனிக்கு விற்றனர். இன்றைக்கும் மரவேலைக்காரர்கள் பழைய டிஸ்டன் ரம்பங்களைத் தேடி வாங்கும்போது, விற்பனைக்கு முந்தியதா பிந்தியதா என்று பார்த்தே வாங்குகிறார்கள்.

கை மாறினால் தரம் ஏன் குறைய வேண்டும்? வாங்கியவர் பெயருக்குப் பெரும்பணம் கொடுத்திருக்கிறார். அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும். எஃகில் கொஞ்சம் மட்டம், பதப்படுத்தும் நேரத்தில் கொஞ்சம் குறைவு, கடைசிச் சாணைபிடிப்பில் ஓர் ஆள் குறைவு, சோதனைபோடுபவரில் இன்னோர் ஆள் குறைவு. எதுவும் வெளியில் தெரியாது. முதல் சில வருஷங்களுக்குப் பழைய பெயருக்காகவே சரக்கு விற்றுப்போகும். முன்னோர் சேர்த்து வைத்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுச் சாப்பிடும் பிள்ளையின் செல்வமும் முதலில் குறைவாகத் தெரிவதில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சொந்த உலை இல்லாமலும் நல்ல பெயர் எடுக்கலாம். ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற பெயரை 1927இல் எடுத்துக்கொண்ட சியர்ஸ் கம்பெனியார் ஒரு கருவியையும் தாமே செய்ததில்லை. பிற தொழிற்சாலைகளிடம் செய்து வாங்கினார்கள். கைக்கருவி உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். கண்டிப்பான சோதனை இருந்தவரை பெயர் நின்றது. 2017இல் அப்பெயரும் ஸ்டான்லி கைக்குப் போயிற்று. அமெரிக்காவிலேயே செய்வோம் என்று டெக்சாசில் எழுப்பிய புதிய தொழிற்சாலையை 2023இல் மூடுவதாக அறிவித்தார்கள். யந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

இன்ன நாட்டுச் சரக்கு என்றாலே மட்டம் என்பதும் சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளில் சில ‘ஷெஃபீல்ட்’ என்று பொய்யாகப் பொறித்து விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே 1887இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் இயற்றி, செய்த நாட்டின் பெயரைக் குறிக்கச் செய்தது. இழிவாகக் கருதப்பட்ட ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற அதே சொல், பின்னர் தரத்தின் அடையாளமாயிற்று. இந்தியாவில் 1969இல் சுவீடன் நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கிய தாப்பரியாவும் பட்டறைகளில் பழகிய பெயராகிவிட்டது. ஊரும் தரம் ஆகாது, பெயரும் தரம் ஆகாது. இன்றைய எஃகைத்தான் பார்க்க வேண்டும்.

அதைக் கடையிலேயே ஓரளவு பார்க்கலாம். ரம்பத்தை வளைத்து விட்டால் மறுபடி நேராக நிமிர வேண்டும். மர உளியின் கூரருகே ஒரு நல்ல அரத்தை இலேசாக வைத்தால் வழுக்க வேண்டும். எளிதாகக் கடித்தால் எஃகு மென்மையானது. சுத்தியலின் பிடியில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிடி ஒருநாள் முறியும், தலை பறக்கும்.

பதம் தவறிய கருவியின் ஆபத்து பணநஷ்டத்தோடு முடிவதில்லை. வெட்டிரும்பின் கூர் கடினமாகவும், அடிவாங்கும் தலை சற்று மென்மையாகவும் இருக்க வேண்டும். தலையும் கடினமாகிவிட்டால் சுத்தியல் படும்போது சில்லு தெறிக்கும். தலை மென்மையாக இருந்தாலும் அடிபட்டு அடிபட்டுக் காளான்போல் விரியும். அந்த ஓரமும் தெறிக்கும். அந்தச் சில்லு கடுகைவிடச் சிறியது, வேகமோ அதிகம். கண்ணுக்குள் புகுந்தால் புகுந்த துவாரம் மூடிக்கொள்ளும். வலி அதிகம் இராது. பார்வையும் அன்று தெளிவாகவே இருக்கலாம். “ஏதோ பட்டது போலிருந்தது” என்று தொழிலாளி வேலையைத் தொடருவார். உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் துருவாகக் கசிந்து விழித்திரையைக் கெடுக்கும். மாதங்கள் கழித்து, சிலருக்கு வருஷங்கள் கழித்து, பார்வை மங்கும். போன பார்வையைப் பெரும்பாலும் மீட்க இயலாது.

ஆகவே இரும்பின்மேல் இரும்பு அடிக்கும்போது கண்ணில் ஏதாவது பட்டால் தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. காந்தம் வைத்து இழுக்கக் கூடாது. கண்ணை அழுத்தாமல், ஒரு சுத்தமான கிண்ணத்தைக் கவிழ்த்துக் கட்டி, அன்றே ஆற்றைக் கடந்து யாங்கோன் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி இல்லையே என்று மறுநாளுக்குத் தள்ளிவைப்பது தவறு. “சுத்தியல் அடிக்கும்போது பட்டது” என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அந்த ஒரு சொல்லால்தான் வரும். காந்த சக்தியால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இவர்களுக்கு ஆகாது, உள்ளேயிருக்கும் இரும்பு அசைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டன்று. ஆயுத பூஜைக்காகக் கருவிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இடும் அன்பர்கள், அன்றே வெட்டிரும்பின் விரிந்த தலையைச் சாணையில் தேய்த்து விடலாம். ஆடும் சுத்தியல் பிடியை மாற்றலாம். பிடியில்லாத அரத்துக்கு ஒரு கட்டை போடலாம். அன்றைக்குக் கருவிகள் எல்லாம் ஓய்ந்து ஒரே இடத்தில் இருக்கும். பார்ப்பதற்கு அதைவிட வசதியான நாள் வேறில்லை.