விளையாட்டின் மேல் பழி!

2019 ஆகஸ்டில், ஒரே வாரக் கடைசியில், அமெரிக்காவின் எல் பாஸோ, டேட்டன் நகரங்களில் 30 பேருக்கு மேல் துப்பாக்கிக்குப் பலியானார்கள். உடனே ஜனாதிபதி டிரம்ப், கொடூரமான வீடியோ விளையாட்டுகளையும் குற்றக் கூண்டில் ஏற்றினார்.

இது பழைய பல்லவிதான். 1999-ல் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். அவர்கள் ‘டூம்’ என்ற விளையாட்டில் மூழ்கியிருந்தது பெரிதாகப் பேசப்பட்டது. உண்மைதான். ஆனால், அதே விளையாட்டை ஆடிய லட்சக்கணக்கான பிள்ளைகள் யாரையும் சுடவில்லையே!

கலிபோர்னியா ராஜ்யம் இத்தகைய விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கலாகாதென 2005-ல் சட்டம் செய்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதென்று தள்ளியது. முயல் வந்து கூத்தடிக்கும் ‘பக்ஸ் பன்னி’ கார்ட்டூனைப் பார்த்தாலும் இதே விளைவுதான் என்று ராஜ்யத் தரப்பு நிபுணரே ஒப்புக்கொண்டிருந்தார்! நீதிபதி ஸ்காலியா அதைத் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார்.

அதற்காக இவை பரம சாதுவான விளையாட்டுகள் என்பதல்ல. கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துடன் சிறிதளவு தொடர்பு இருப்பதாக அமெரிக்க மனோதத்துவ சங்கம் 2020-ல் கூறியது. கொலை வெறிக்கு இவைதாம் காரணமென்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதையும் அதுவே கூறியது.

ஜப்பானியரும் இவ்விளையாட்டுகளில் சளைத்தவர்களல்லர். அங்கே துப்பாக்கிக் கொலை மிக அபூர்வம். வேட்டைத் துப்பாக்கி வாங்கக்கூட எழுத்துப் பரீட்சை, சுடும் பரீட்சை, வைத்தியர் சர்டிபிகேட், போலீஸ் விசாரணை அத்தனையும் வேண்டும். கைத்துப்பாக்கியோ, சாதாரண ஜனங்களுக்குக் கிடையவே கிடையாது.