கணக்கேட்டின் மீது எங்கள் உரிமை

எங்கள் பெயரால் நிதி திரட்டி, அந்த நிதிக்கு எங்களையே அந்நியராக்கிய ஆட்சிமுறை தோற்றுவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று பெறப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மாற்றுத்திறனாளிகளே உரியவர் என்று, தில்லி ஆர்.கே.புரத்தில் கூடிய நாங்கள் பிரகடனம் செய்கிறோம். கோப்பும் பேரேடும் எழுதியே வாழ்ந்த அரசு ஊழியர்களின் குடியிருப்பு இது. கணக்குக் கேட்பது இந்த மண்ணில் அவமரியாதை ஆகாது.

தில்லியில் இன்றும் நடப்பிலுள்ள 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு தொண்டு அமைப்பைப் பதிவு செய்ய ஏழு கையொப்பங்கள் போதும். அவற்றில் ஒன்றேனும் மாற்றுத்திறனாளியுடையதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. ஆண்டுதோறும் நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்கும். வரவு செலவைக் கேட்காது. 1975இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமோ இரண்டையும் கேட்டது.

ஆண்டறிக்கை ஒன்றை விரித்துப் பாருங்கள். வழவழப்பான அட்டையில் மூன்று சக்கர வண்டியில் சிரிக்கும் சிறுவன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘இதர செலவுகள்’ என்று ஒற்றை வரி. அந்தச் சிறுவனின் தாய்க்கு அந்த வரியை விளக்கிச் சொன்னவர் யாருமில்லை. பொதுக்குழுவோ மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடியில் கூடுகிறது. கொடுத்தவர் கையில் வரிச்சலுகைக்கான ரசீது இருக்கிறது. பெறுபவர் கையில் எந்தத் தாளும் இல்லை.

கண்காணிப்பற்ற காப்பகம் எதில் போய் முடியும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீ காட்டியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 உயிர்கள் போயின.

கருணையை நாங்கள் மறுக்கவில்லை. கேள்வி கேட்பவரை நன்றிகெட்டவராக்கும் கருணையை மறுக்கிறோம். நிர்வாகச் செலவே பாவம் என்ற மூடநம்பிக்கையையும் மறுக்கிறோம். வெளிநாட்டு நிதியில் அதற்கான உச்சவரம்பை 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. எவ்வளவு என்று அரசு கேட்கிறது. யாருக்கு, யார் ஒப்புதலோடு என்று நாங்கள் கேட்கிறோம். சைகை மொழிபெயர்ப்பாளரின் ஊதியம் வீண்செலவன்று. அவரில்லாமல் நடக்கும் கூட்டமே வீண்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மூவர் கொண்ட உள்ளூர்க் குழுவில் மாவட்ட ஆட்சியரின் பக்கத்திலேயே மாற்றுத்திறனாளி ஒருவரை அமர்த்தியது. அந்த ஒற்றை நாற்காலி எங்களுக்கு முன்னுதாரணம், அதுவே எல்லையன்று. செயற்குழுவில் பாதி எங்களுடையது. பொருளாளர் பதவி எங்களுடையது. ஒரே குடும்பத்தின் இருவர் ஒரே குழுவில் அமரமாட்டார்கள். காசோலையில் ஒற்றைக் கையொப்பம் செல்லாது. அறிவுசார் குறைபாடுள்ளோருக்காகப் பேசும் பெற்றோர், தணிக்கையாளரை நேரில் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் முதல் பொதுக்குழு தரைத்தளத்தில், சாய்தளம் உள்ள மண்டபத்தில் கூடும். வரவு செலவு பிரெயிலில் வழங்கப்படும். சைகை மொழியில் சொல்லப்படும். எளிய தமிழிலும் இந்தியிலும் உரக்க வாசிக்கப்படும். கடைசி இருக்கையில் இருப்பவருக்கும் விளங்கும்வரை அந்தக் கணக்கு வாக்கெடுப்புக்கு விடப்படாது.