வாசகனின் தெரிவும் திரையின் தீர்ப்பும்

ஒரு நாவல் திரைப்படமாகும்போதெல்லாம் அதன் வாசகரிடையே ஒரு வழக்கு எழுகின்றது. மூலத்திலே இருந்த சம்பவம் ஏன் விடுபட்டது, கதாநாயகனின் வயது ஏன் கூடிற்று என்று அவர்கள் குற்றப் பத்திரிகை தயாரிக்கின்றனர். படக்காரரோ, நூல் வேறு, படம் வேறு என்ற ஒரே விடையைச் சொல்லித் தப்பிக்கொள்கின்றனர். இரு கட்சியாரும் வழக்கின் உயிர்நிலையைத் தொடுவதில்லை என்பது என் எண்ணம். லோயிஸ் லௌரி என்னும் அமெரிக்க எழுத்தாளர் இளைஞர்க்கென எழுதி 1993இல் வெளியிட்ட ‘த கிவர்’ என்ற நாவலையும், அதைத் தழுவிப் பிலிப் நொய்ஸ் நெறிப்படுத்தி 2014இல் வெளிவந்த படத்தையும் சான்றாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன். அந்நாவலைப் போற்றுபவன் நான். ஆகவே நடுநிலையாளன் என்று உரிமை பாராட்ட மாட்டேன்.

நூலை அறியாதார் பொருட்டுக் கதையைச் சுருங்கச் சொல்லலாம். வருங்காலத்துச் சமுதாயம் ஒன்று. அங்கே போரில்லை, பசியில்லை, நோவில்லை. யார் யாரை மணப்பது, எவர் எத்தொழிலைச் செய்வது என்பவற்றை மூத்தோர் சபையே முடிவு செய்கின்றது. தாமே தெரிவு செய்தால் மக்கள் தவறிவிடுவர் என்பது அச்சபையின் கொள்கை. கடந்த காலத்தின் நினைவுகள் யாவும் ஒரே ஒரு முதியவரிடம் வைக்கப்பட்டுள்ளன. பன்னிரண்டு வயதுச் சிறுவனான ஜோனாஸ் அவற்றைப் பெறுவதற்கு நியமிக்கப்படுகின்றான். முதியவர் அவன் முதுகிலே கை வைத்துப் பனியையும் வெயிலையும், பின்னர் பசியையும் போர்க்களத்தையும் அவனுக்குக் கையளிக்கின்றார். கொடுப்பவர் என்று பொருள்படும் நூற்பெயர் அம்முதியவரையே குறிக்கின்றது.

இக்கதைக்கு வித்தாக அமைந்தவற்றுள் ஒன்றை, இந்நூலுக்காக 1994இல் நியூபெரி விருது பெற்றபோது லௌரி எடுத்துரைத்தார். முதுமையில் நினைவிழந்துகொண்டிருந்த அவருடைய தந்தை, இளமையிலே இறந்துபோன தம் மூத்த மகளைப் படத்திலே அடையாளங் கண்டார். அவள் இறந்ததை மட்டும் மறந்திருந்தார். துயரத்தை மறந்தவன் பேறு பெற்றவனா, இழந்தவனா? நாவல் முழுவதும் இவ்வினாவின் விரிவேயாகும்.

இதனை லௌரி சொல்லிய முறையே நூலின் பெருமை. நம் பழைய இலக்கணகாரர் சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்றனர். இந்நாவல் குறிப்பினாலேயே நடக்கின்றது. ஜோனாஸ் தன் தோழன் அஷருடன் விளையாடுகையில் ஓர் அப்பிள் பழம் ஒரு கணம் ஏதோ ‘மாறுகின்றது’. பின்னொரு நாள் பியோனா என்ற தோழியின் கூந்தலிலும் அதே மாற்றம். அது யாது என்று அவனுக்கும் விளங்கவில்லை, நமக்கும் விளங்கவில்லை. அவன் காணத் தொடங்கியிருப்பது சிவப்பு நிறம் என்று முதியவர் கூறும்போதே, அச்சமுதாயத்திலே நிறமே இல்லை என்பதை அறிந்து நாம் திடுக்கிடுகின்றோம். அதுவரை படித்த பக்கங்களுக்கெல்லாம் நம் மனமே வண்ணந் தீட்டிவந்திருக்கின்றது! இல்லாததை இருப்பதாகக் கொண்டு அம்மக்களோடு நாமும் வாழ்ந்துவிட்டோம். வாசகனையும் அவ்வூர்க் குடிமகனாக்கிப் பின்னர் கண்திறக்கச் செய்யும் உத்தி இது.

படமோ முதற் காட்சியிலேயே கறுப்பு வெள்ளையிலே தொடங்குகின்றது. ஜோனாஸின் குரல் அவ்வூரின் ஒழுங்குகளை நமக்கு எடுத்துரைக்கின்றது. பின்னர் அவன் காண்பதற்கேற்ப நிறங்கள் மெல்ல மெல்லத் திரையில் ஏறுகின்றன. காட்சியழகு என்ற அளவில் இதனை யான் குறை கூறேன். ஆயினும் ஜோனாஸிடம் இல்லாதது எது என்பது முதல் நிமிடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகின்றது. நூலிலே அவனோடு சேர்ந்து விழித்தெழுந்த நாம், படத்திலே அவன் எப்போது விழிப்பான் என்று பார்த்திருக்கும் வேற்றாள் ஆகின்றோம்.

திரை காட்டியே தீரவேண்டிய கலை, மறைத்தல் அதற்கு இயலாது என்று சிலர் வாதிப்பர். நிறத்தைப் பொறுத்தவரை அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பியோனாவின் விஷயத்தில் அது செல்லாது. அவ்வூரிலே ‘விடுவித்தல்’ என்று இனிமையாக வழங்கும் சொல்லின் மெய்ப்பொருள் கொலை. இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததை ஜோனாஸின் தந்தை முகமலர்ச்சியோடு ஊசியேற்றிக் கொல்லும் காட்சியைப் படமும் விட்டுவிடவில்லை, அது பாராட்டத்தக்கது. ஆனால் நாவலில் இன்னுமோர் அடி விழுகின்றது. முதியோர் இல்லத்திலே பணிபுரியும் மென்மையான பியோனாவும் இத்தொழிலில் ஏற்கெனவே பயிற்றப்படுகின்றாள் என்று முதியவர் கூறுகின்றார். நல்லவளே அறியாமல் கொலை செய்கின்றாள். தீமை எவ்வளவு சாந்தமான முகத்தோடு வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? படம் அவளை ஜோனாஸின் காதலியாக்கி, அவன் தப்புவதற்கு உதவச் செய்து, மரணத்தின் வாயிலிலிருந்து மீட்கின்றது. நம் நெஞ்சை உறுத்தியிருக்கவேண்டிய பாத்திரம் நம்மை மகிழ்விக்கும் பாத்திரமாகிவிட்டது.

இறுதிக் கட்டமே எனக்கு மிகுந்த மனத்தாங்கலைத் தந்தது. கொல்லப்படவிருந்த கேபிரியல் என்ற குழந்தையோடு ஜோனாஸ் ஊரைவிட்டு ஓடுகின்றான். பசியும் குளிரும் வாட்ட, பனிமலை உச்சியிலிருந்து சறுக்கு வண்டியிலே இறங்குகையில் கீழே விளக்கொளி தெரிகின்றது, இசை கேட்கின்றது. பின்னால், விட்டுவந்த ஊரிலிருந்தும் இசை கேட்பதுபோல் இருக்கின்றது. அது வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம். 23 அத்தியாயங்களும் அவ்வையத்தோடு முடிகின்றன. அவன் பிழைத்தானா, உறைந்து இறந்தானா? தீர்ப்பு வாசகன் கையில். படத்திலோ அவன் எல்லையைக் கடந்ததும் நினைவுகள் ஊர்மீது பெருகி நிறங்கள் விரிவதைக் கண்ணாரக் காண்கின்றோம். நாவலின் ஐயத்தைச் சொல்லளவில் நினைவூட்டினாலும், கண் கண்டதைச் சொல் மறைத்துவிடுமா?

2004இல் வந்த ‘மெசெஞ்சர்’ என்னும் தொடர்நாவலிலே ஜோனாஸ் பிழைத்தமையை லௌரியே உணர்த்தினார் அல்லவா என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அதற்கு முன் பதினோர் ஆண்டுகள் அவ்வினாவைத் திறந்தே வைத்திருந்தார். விடையையும் வேறொரு நூலிலே, அதைத் தேடிச் செல்வோர்க்கே வைத்தார். நூலாசிரியை இப்படத்தை வரவேற்றார் என்பதும் மெய்யே. நூலை ஆக்கியவரின் இசைவு படைப்பவர்க்கு உரிமை தரும். வாசகனின் மதிப்பீட்டை அது கட்டுப்படுத்தாது.

படக்காரரின் உழைப்பை யான் இழிவு செய்யவில்லை. முதியவராக நடித்த ஜெவ் பிறிட்ஜஸ், இந்நாவலைப் படமாக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றவர். முதலில் தம் தந்தை லொயிட் பிறிட்ஜஸையே அப்பாத்திரத்திற்கு எண்ணியிருந்தார். அவர் 1998இல் மறைந்தார். நினைவுகளின் பாரத்தால் தளர்ந்த ஒருவரை மகனின் முகத்திலும் குரலிலும் காண்கின்றோம். ஆயினும் படம் வந்த காலம் அதற்குப் பகையாயிற்று. 2012இல் ‘த ஹங்கர் கேம்ஸ்’ பெற்ற பெருவெற்றிக்குப் பின், இத்தகைய கதையென்றால் இளங்காதலும் துரத்தலும் கொடுங்கோல் தலைமையும் வேண்டும் என்றாகிவிட்டது. சிறுவன் ஜோனாஸ் இளைஞனானான். நூலில் ஒதுங்கி நின்ற தலைமை மூதாட்டி, மெறில் ஸ்றீப் நடிக்க, பெரும் எதிராளியானாள். வழிகாட்டியாய் முன்னே நடந்த நூல், தனக்குப் பின்வந்தவற்றின் நகல்போலத் திரையிலே தோன்றியமை காலத்தின் விபரீதமே.

மூலத்தைச் சிதைத்தது என்ற குற்றச்சாட்டை யான் கூறவில்லை. என் குற்றச்சாட்டு வேறு. மக்கள் தவறாகத் தெரிவு செய்வர் என்று அஞ்சி, தெரியும் உரிமையையே பறித்தது அம்மூத்தோர் சபை. இளம் இரசிகர்கள் ஐயத்தைத் தாங்கமாட்டார்கள், துயர முடிவை எண்ணிப்பார்க்கவும் கூசுவர் என்று அஞ்சி, அவர்களுக்காகத் தானே முடிவு செய்தது படம். சபையைக் கண்டிக்கவந்த படைப்பு, சபையின் செயலையே இரசிகரிடத்துப் புரிகின்றது.

ஆசிரிய அன்பர்கட்கு ஒரு வார்த்தை. இப்படத்தை மாணவர்க்குக் காட்டுதல் தவறன்று. முதலில் நூலைப் படிக்கச் செய்யுங்கள். ஜோனாஸுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒவ்வொரு மாணவனும் காரணத்தோடு எழுதட்டும். ஒருவன் இறந்தான் என்பான். ஒருத்தி பிழைத்தான் என்பாள். இருவரும் நூலைப் புரட்டிச் சான்று தேடி வாதாடட்டும். அதன் பிறகு படத்தைக் காட்டினால், அதன் முடிவும் பல விடைகளுள் ஒன்றாய், மறுத்துரைக்கத்தக்கதாய் அவர்கள் முன் நிற்கும்.