பட்டன் வரைய மார்க்கீ டூல் எதற்கு?

போட்டோஷாப்பில் பட்டன் வரையச் சொன்னால் நம்மூர்ப் பையன்கள் பலர் இன்னமும் என்ன செய்கிறார்கள்? மார்க்கீ டூலால் ஒரு கட்டம் இழுத்து, பெயின்ட் பக்கெட்டால் நிறத்தைக் கொட்டுகிறார்கள். வேலை முடிந்ததாம்! மறுநாள் கடைக்காரர் போனில் கூப்பிட்டு, "தம்பி, அந்த லோகோவைக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் குடுங்க" என்பார். அப்போதுதான் வினை ஆரம்பம்.

100 பிக்சல் அகலப் படத்தை 200 ஆக்கினால் ஒரு பிக்சல் நாலாகிறது. மீதி மூன்றுக்கு நிறம் எங்கிருந்து வரும்? மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகிக்கிறது. ஓரம் கலங்குகிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்ப வரைய வேண்டும், அதற்குத் தனியாகக் காசும் வராது.

இத்தனைக்கும் 2000-ல் வந்த போட்டோஷாப் 6-லேயே ஷேப் டூல்கள் இருக்கின்றன. ஷேப் லேயர் பிக்சலைச் சேமிப்பதில்லை. புள்ளிகளையும் அவற்றுக்கு இடையிலான வளைவுகளையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஓரத்தைப் புதிதாகக் கணக்குப் போட்டு வரையும். நிறம் மாற்ற ஒரு டபுள் கிளிக் போதும்.

"கடைசியில் பி.என்.ஜி.யாகத்தானே சேமிக்கப் போகிறோம், எதில் வரைந்தால் என்ன?" என்பது வழக்கமான பதில். வவுச்சர்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மொத்தத் தொகையை மட்டும் நோட்டில் வைத்துக்கொள்கிறவன்கூட இப்படித்தான் பேசுவான். அனுப்புவது பி.என்.ஜி.யாக இருக்கட்டும், கையில் மூலம் இருக்க வேண்டாமா? 2010-ல் ஐபோன் 4 வந்தபோது, அதே 3.5 அங்குலத் திரையில் 320x480 பிக்சல்கள் 640x960 ஆயின. ஷேப்பில் வரைந்தவர்கள் அளவை இரட்டித்து மறுபடி சேமித்தார்கள். மார்க்கீக்காரர்கள் ஐகான்களை முதலிலிருந்து வரைந்தார்கள்.

இதைவிடக் கொடுமை, ஷேப்பில் வரைந்துவிட்டு அதைத் தாங்களே கெடுத்துக்கொள்வது. ஷேப் லேயரில் பிரஷ்ஷை வைத்தால் "ராஸ்டரைஸ் செய்யட்டுமா?" என்று கேட்கும். படிக்காமலே ஓகே தட்டுகிறார்கள். அவ்வளவுதான், வெக்டார் போச்சு. மேலே புது லேயர் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஆல்ட் பிடித்துக் கிளிக் செய்தால், தீட்டுவது ஷேப்புக்குள் மட்டும் தெரியும். இதைச் சொல்லித்தர ஒரு நிமிஷம்கூட ஆகாது. எத்தனை வகுப்பில் சொல்கிறார்கள்?

ஷேப்பிலும் வம்பு இருக்கிறது, மறுக்க வேண்டாம். ஓரம் அரைப் பிக்சலில் விழுந்தால் நேர்கோடுகூடக் கலங்கலாகத் தெரியும். பிக்சல் கட்டத்தோடு ஒட்டவைக்கும் வசதி அதற்குத்தான், அதை டிக் செய்து வைத்தால் போதும். புகைப்படத்துக்கு ஷேப் உதவாது என்பதும் சரிதான். அதற்காக லோகோவையும் புகைப்படம்போல நடத்துவானேன்?

சாதாரண வட்டமுனைப் பட்டனுக்கு இப்போது படமே வேண்டாம், சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி போதும். ஆனால் ஐகானும் லோகோவும் எங்கே போகும்? அவற்றை எஸ்.வி.ஜி.யாகத்தான் கேட்கிறார்கள். ஷேப்பாக வைத்திருப்பவர் அந்தப் பாதையை அப்படியே எடுத்துக் கொடுப்பார். ராஸ்டரைஸ் செய்தவர் பழைய படத்தை அடியில் போட்டு, பென் டூலால் ஒவ்வொரு வளைவாக டிரேஸ் எடுத்துக்கொண்டிருப்பார்.