கடைசியில் வந்தவனுக்கும் கூலி

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத் தோட்ட உவமையைப் பலர் பரலோகக் கணக்காகவே பார்க்கிறார்கள். மும்பை நாக்காவில் கூலிக்கு நிற்கும் நம்மவருக்கு அது வயிற்றுக் கணக்கு. விடியற்காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே பணம். முந்தியவர்கள் முணுமுணுத்தார்கள், பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. பிந்தியவன் சோம்பேறியல்ல, அவனை யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான். அவன் வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரிய வேண்டாமா?

ரஸ்கின் தம் நூலுக்கு இந்த உவமையிலிருந்தே பெயர் எடுத்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் சென்ற ரயிலில் காந்தியடிகள் அதைப் படித்தார். (ரயிலில் சீட்டாடுவோர் கவனிக்க!)

பழைய ஆள், புதிய ஆள் என்று நாக்காவில் நடக்கும் சச்சரவை நிறுத்துவோம். வேலையின்றித் திரும்புகிறவருக்கும் ஒரு வழி செய்யும்படி மாநில அரசைக் கேட்க நம் சங்கங்கள் முன்வர வேண்டும்.