மழையின் மேல் சுமத்திய பழி

கற்பிட்டியிலிருந்து தெற்கே உடப்பு, சிலாபம் வரையில் கடலை நோக்கி நிற்கும் வீடுகள் பலவற்றில், குளிரூட்டியின் வெளிப்பெட்டியானது மழை ஒரு துளியும் படாதபடி தாழ்வாரத்தின் அடியில், தகரமும் தார்ப்பாயும் போர்த்தப்பட்டு, பத்தியம் காக்கும் பிள்ளை பெற்றவளைப் போல ஒடுங்கியிருக்கும். நீர் பட்டால் கறள் பிடிக்கும் என்பது வீட்டாரின் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயமே பெட்டியின் பிரதான சத்துரு என்பது என் கட்சி.

இந்தக் கரையின் சுபாவத்தை நம்மவர் மறந்துவிடுகிறார்கள். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் ஓயாது வீசியும், அதனுடன் மழை அதிகம் வாராத வரண்ட பூமி இது; பாலாவியில் உப்பு விளைவதற்கும் அந்த வெயிலும் காற்றுமே ஆதாரம். லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பைக் கரைத்து வைத்திருக்கும் கடல், அலை உடையுந்தோறும் நுண்திவலைகளாகச் சிதற, அவற்றைக் காற்று கரைக்குச் சுமந்து வர, பெட்டியின் விசிறி ஓடும் நேரமெல்லாம் அக்காற்றை இழுத்து மெல்லிய அலுமினியத் தகடுகளினூடே வடிகட்டுகிறது. வீட்டுக்காரர் தம்மை அறியாமலே கொல்லையில் ஓர் உப்பளம் நடத்துகிறார்!

படிந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. இரவில் காற்றின் ஈரம் நூற்றுக்கு 75ஐத் தாண்டியதும் அது தானே நீரை ஈர்த்து உவர்நீராகிறது. அடுக்களையில் உப்புச்சாடி கசிவதைக் கண்டவர்களுக்கு இது நூதனமன்று. அவ்வுவர்நீரில் செப்புக்குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி நிற்க, மின்கலத்தினுள் நிகழும் வினையே அங்கும் நிகழ்ந்து, செம்பு பிழைக்க அலுமினியம் மாய்கிறது. தகட்டிலிருந்து வெண்பொடியாக உதிர்வது அதுவே.

இதில் மழை செய்த குற்றம் யாது? ஐப்பசி மழை அவ்வுப்பைக் கழுவிப்போக வருகிறது; நாமோ போர்வையிட்டுத் தடுக்கிறோம். போர்வையின் கீழ் உப்பும் போவதில்லை, ஈரமும் எளிதில் உலர்வதில்லை. நீலப்பூச்சுத் தகடு காக்குமென்பர். சில காலம் தாங்கும், அவ்வளவே.

நீர் ஊற்றினால் மின்சாரம் தாக்குமே என்று அஞ்சுவோர், மழையில் நிற்பதற்கென்றே செய்த பெட்டி அது என்பதை நினைக்க வேண்டும். மின்னிணைப்பை முற்றாக நிறுத்திவிட்டு, தகடு வளையாதபடி மென்மையாக, சோளகக் காலத்தில் பதினைந்து நாட்களுக்கொரு முறை நன்னீரால் கழுவுங்கள். கிணறு உவராயின் அந்நீர் உதவாது. தார்ப்பாயை மீன்வாடிக்குக் கொடுத்துவிடுங்கள், கருவாடு மூடவாவது பயன்படும்.